ஊதுபத்தியும் கடிகாரமும்: அலர்ஜி வீட்டுக்கு ஏர் ப்யூரிஃபையர் தேர்ந்தெடுத்த அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு அலர்ஜி. மகளுக்குக் காலையில் கண் விழித்ததுமே அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. அம்மாவுக்கு வீசிங். எங்கேயாவது புகை கிளம்பினால் போதும், நெஞ்சு இறுகி இன்ஹேலரைத் தேட ஆரம்பித்துவிடுவார். பாட்டியும் பேத்தியும் படுப்பது ஒரே அறையில். மேடவாக்கத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் எப்போதும் ஒரு வீடாவது இடிபட்டுக்கொண்டோ எழும்பிக்கொண்டோ இருக்கும். காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மாலையில் விரலால் எழுதலாம்.

ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம் என்று வீட்டில் முடிவானதும் கடைகளிலும் இணையத்திலும் பார்த்தேன். 'ஏழு அடுக்கு', '99.99 சதவீதம்', '500 சதுர அடி' என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வாசகம். எங்கள் படுக்கையறைக்கு, இரவில், இந்த இருவர் தூங்கும்போது அந்த இயந்திரம் எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்யும் என்று எந்தப் பெட்டியும் சொல்லவில்லை. அதை வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழியையும், அதை வைத்து என்ன வாங்கினேன், ஹாலுக்கு நானே ஒன்றை எப்படிச் செய்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

யாருக்கு எது ஆகாது

இயந்திரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் மகளுக்கு அலர்ஜி பரிசோதனை செய்தோம். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்து எங்கே தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மகளுக்குத் தடித்தது இரண்டு இடங்களில்: டஸ்ட் மைட் என்கிற தூசிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும். மகரந்தம் எதற்கும் தடிக்கவில்லை. தெருமுனைக் காலிமனையில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம்தான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த முடிவு வாங்கும் கணக்கையே மாற்றிவிடும். தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இந்தப் பூச்சிதான் மூலம் என்பதை 1964-ல் நெதர்லாந்தில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். பூச்சியைவிட அதன் எச்சம்தான் தொல்லை. அந்த எச்சத் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). காற்றில் மிதக்கும் பொருட்களில் இது பாறாங்கல். மெத்தையை உதறினால் எழும், சில நிமிடங்களில் திரும்பக் கீழே விழுந்துவிடும். முகத்தைத் தலையணையில் புதைத்துத் தூங்கும் குழந்தைக்கு அது நேராக மூக்கில் போகிறது. அறையின் மூலையில் நிற்கும் இயந்திரம் அதை எட்டிப் பிடிக்க வழியில்லை.

அம்மாவின் விஷயம் நேர் எதிர். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, மிளகாய் தாளிக்கும் நெடி, பக்கத்து மனையில் குப்பை கொளுத்தும் புகை. புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. விழாது; மணிக்கணக்கில் மிதக்கும். இதைப் பிடிக்கத்தான் ப்யூரிஃபையர்.

ஆகவே மகளுக்கு முதல் மருந்து படுக்கை, அம்மாவுக்கு முதல் மருந்து காற்று. இயந்திரம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் மெத்தைக்குச் செலவழித்தேன்.

மகளின் பழைய இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துவிட்டேன். மெத்தைக்கும் தலையணைகளுக்கும் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் தூசிப்பூச்சி உறை வாங்கினேன். மேலே விரிப்பு மாதிரி மாட்டும் வாட்டர்ப்ரூஃப் உறை வேறு, இது வேறு. நெசவின் துளை பத்து மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும். விற்பவர் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். போர்வை, விரிப்பு, தலையணை உறை எல்லாம் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். 55 டிகிரிக்கு மேல்தான் பூச்சி சாகும், பச்சைத் தண்ணீரில் எச்சம் ஓரளவு கழுவிப் போகுமே தவிர பூச்சி பிழைத்துக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் மூட்டை கட்டி வைத்திருந்த பழைய துணிகளை வெளியேற்றினோம். கரப்பானுக்கு ஜெல் மருந்து வைத்தோம். ஸ்ப்ரே அடித்தால் அம்மாவுக்கு அதுவே ஆகாது.

ஈரப்பதத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்துவிடும். சென்னையில் அது நடக்கிற காரியம் இல்லை. ஏ.சி. ஓடும் இரவுகளில் மட்டும் கொஞ்சம் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும். அதனால்தான் உறைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

பெட்டியில் இருக்கும் எண்களில் எது வேண்டும்

ஹெப்பா என்ற சொல்லில் ஆரம்பிக்கிறேன். அமெரிக்கக் கணக்குப்படி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டிதான் ஹெப்பா. ஐரோப்பியக் கணக்கில் எச்13 என்றால் பிடிக்கவே கடினமான அளவுத் துகளில் 99.95 சதவீதம். 0.3-ஐவிடச் சிறிய துகள் தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மிகச் சிறிய துகள் நேராகப் போகாது, காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அலைந்துகொண்டே போகும், அந்த அலைச்சலில் இழையில் ஒட்டிக்கொள்ளும். பெரிய துகள் வளைந்து போக முடியாமல் இழையில் மோதும். இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரானை ஒட்டிய அளவுதான் நழுவப் பார்க்கும். அதனால்தான் சோதனையை அங்கே வைத்தார்கள்.

ஆனால் வீட்டுக்கு இந்தச் சதவீதம் முடிவு செய்யும் எண் இல்லை. அறைக் காற்று திரும்பத் திரும்ப அதே வடிகட்டி வழியாகத்தான் போகிறது. ஒரு தடவையில் 95 சதவீதம் பிடித்து நிறையக் காற்றைத் தள்ளும் இயந்திரம், 99.97 சதவீதம் பிடித்துக் கொஞ்சமாகத் தள்ளும் இயந்திரத்தைவிட அறையைச் சீக்கிரம் சுத்தமாக்கும். இரண்டையும் பெருக்கி வரும் எண்தான் சி.ஏ.டி.ஆர்., அதாவது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று வெளியே வருகிறது என்பது. அதைப் போடாத பெட்டியை நான் கீழே வைத்துவிட்டேன். சிலர் கன அடி நிமிடக் கணக்கில் போடுவார்கள். அதை 1.7-ஆல் பெருக்கினால் மணிக்குக் கன மீட்டர் வந்துவிடும்.

எங்கள் அறை 12 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. 1,320 கன அடி. 35.3-ஆல் வகுத்தால் சுமார் 37 கன மீட்டர். அலர்ஜி இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று முழுவதும் ஐந்து தடவை வடிகட்டி வழியாகப் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 37-ஐ ஐந்தால் பெருக்கி 185. அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்காவது சி.ஏ.டி.ஆர். (நிமிடக் கன அடியில்) வேண்டும் என்று அமெரிக்காவில் சொல்லும் விதியும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், ஆனால் அது எட்டடி உயரக் கூரைக்குப் போட்டது. நம் வீடுகள் பத்தடி, பழைய வீடுகள் இன்னும் உயரம். உயரத்தைச் சேர்க்காமல் சதுர அடியை மட்டும் பார்த்து வாங்கினால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்டியில் '500 சதுர அடி' என்று போடுவது பல நேரம் மணிக்கு ஒன்றிரண்டு தடவை மாற்றத்தை வைத்துத்தான். அதே பெட்டியின் சி.ஏ.டி.ஆர். எண்ணை எடுத்து வகுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் பாக்கி. சி.ஏ.டி.ஆர். எண்ணை முழு வேகத்தில்தான் அளக்கிறார்கள். முழு வேகத்தில் எந்த ப்யூரிஃபையரும் மிக்ஸி இல்லாவிட்டாலும் பெரிய டேபிள் ஃபேன் அளவுக்குச் சத்தம் போடும். இரவில் யாரும் அந்த வேகத்தில் வைக்க மாட்டார்கள். தூங்கும் வேகத்தில் என்ன வரும்?

ஊதுபத்தி சோதனை

லேசர் சென்சார் உள்ள சிறிய பி.எம். 2.5 மீட்டர் ஒன்று வாங்கினேன். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று அது காட்டும். இந்த மீட்டர்கள் மழைக்காலத்தில் ஈரத்தையும் துகளாக எண்ணிக் கூட்டிக் காட்டும், அதனால் எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. ஒரே அறையில் ஒரே நாளில் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்க இது தாராளம்.

சோதனை எளிது. ஜன்னல், கதவு மூடி, கதவின் அடி இடுக்கில் துணி வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட வேண்டும். புகை அறை முழுவதும் கலந்தால்தான் கணக்கு வரும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, மீட்டர் 400-ஐத் தாண்டியதும் தண்ணீரில் அணைக்க வேண்டும். இந்த விலை சென்சார்கள் 500-க்கு மேல் நம்பகமாகக் காட்டாது. கொஞ்ச நேரம் கலக்கவிட்டு, ப்யூரிஃபையரை வேண்டிய வேகத்தில் போட்டு, எண் 300-லிருந்து 150-க்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 150-லிருந்து 75-க்கு. இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சோதனை சரி. அம்மாவையும் மகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் இதைச் செய்தேன். வீசிங் உள்ளவர்கள் வீட்டில் இருக்கும்போது செய்யவே கூடாது, முடிந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்துவிட வேண்டும்.

கணக்கு இதுதான்: 42-ஐப் பாதியாகும் நிமிடத்தால் வகுத்தால், மணிக்கு எத்தனை தடவை காற்று சுத்தமாகிறது என்று வரும். முதலில் இயந்திரமே இல்லாமல் ஒரு தடவை செய்ய வேண்டும். கதவிடுக்கு வழியாகவும் சுவரில் படிந்தும் புகை தானாகவே குறையும், அதைக் கழிக்க வேண்டும் இல்லையா. எங்கள் அறையில் தானாகப் பாதியாக 80 நிமிடம் ஆனது. மணிக்கு அரைத் தடவை.

அலுவலகத் தோழி ஒருவர் தன் வீட்டு ப்யூரிஃபையரை இரவல் தந்தார். சின்னது, பெட்டியில் மணிக்கு 200 கன மீட்டர் என்று போட்டிருந்தது. எங்கள் தேவை 185 என்பதால் காகிதக் கணக்குப்படி இதுவே போதும். முழு வேகத்தில் 8 நிமிடத்தில் பாதியானது. 42-ஐ எட்டால் வகுத்து, அரையைக் கழித்தால் 4.7 தடவை, அறையின் 37-ஆல் பெருக்கினால் சுமார் 175 கன மீட்டர். தயாரித்தவர்கள் சொன்னது கிட்டத்தட்ட உண்மை. அடுத்து, நிலாப் படம் போட்ட இரவு வேகம். பாதியாக அரை மணி நேரம் பிடித்தது. கணக்குப் போட்டால் மணிக்கு ஒரு தடவைகூட இல்லை, 32 கன மீட்டர்தான். கேட்காத சத்தத்துக்குக் கொடுக்கும் விலை ஆறில் ஐந்து பங்கு காற்று.

இந்த ஓர் எண்தான் எங்கள் வீட்டுத் தேர்வை முடிவு செய்தது. தேவைக்குச் சரியான அளவில் வாங்கக் கூடாது. தேவையைப்போல இரண்டு மடங்கு வாங்கி நடு வேகத்தில் ஓட்ட வேண்டும்.

வாங்கியது

பெட்டியில் 400 கன மீட்டர் போட்டிருந்த ஒன்றை வாங்கினோம். உருளை வடிகட்டி, ஐந்து வேகம். அதே அறை, அதே ஊதுபத்தி. முழு வேகத்தில் 4 நிமிடத்தில் பாதி. மூன்றாம் வேகத்தில் 8 நிமிடம், அதாவது இரவல் இயந்திரத்தின் முழு வேகத்துக்குச் சமம். முதல் வேகத்தில் 17 நிமிடம். மூன்றாம் வேகத்தின் சத்தம் எங்கள் சீலிங் ஃபேன் சத்தத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஃபேன் இல்லாமல் தூக்கம் வராத ஊர் இது. நாம் ஏற்கெனவே ஒரு சத்தத்தின் அடியில்தான் படுக்கிறோம், அதனால் 'இரவு வேகம்' என்று தனியாக ஒன்று நமக்குத் தேவையே இல்லை.

ஆட்டோ முறை பற்றி அலர்ஜி உள்ள எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். மகள் படுக்கையை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி பறப்பது கண்ணுக்கே தெரிந்தது. இயந்திரத்தில் பச்சை விளக்கு, மிக மெதுவான வேகம். இந்த இயந்திரங்களின் சென்சார் புகை போன்ற நுண்துகளுக்குத்தான் கண் திறக்கும். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசிப்பூச்சி எச்சம், மகரந்தம் போன்றவை அதற்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. மகள் தும்மிக்கொண்டிருக்கும்போது அது 'காற்று அருமை' என்று காட்டும். எனவே எங்கள் வீட்டில் ஆட்டோ முறை கிடையாது. விரிப்பு மாற்றும்போதும் பெருக்கும்போதும் முழு வேகம், அதன் பிறகு அரை மணி நேரம் அதே வேகம், இரவு முழுவதும் மூன்றாம் வேகம். பூந்துடைப்பத்தை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டு ஈரத் துணியால்தான் துடைக்கிறோம்.

இயந்திரத்தைக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்திருக்கிறேன். திரைச்சீலைக்குப் பின்னால், பீரோ இடுக்கில் வைத்தால் தான் விட்ட காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

அயனி, பிளாஸ்மா என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அணைத்தே வைத்திருக்கிறேன். அயனி உண்டாக்கும் சில இயந்திரங்கள் கூடவே ஓசோனையும் விடும், ஓசோன் வீசிங் உள்ளவர்களின் மூச்சுக்குழலை எரிச்சலாக்கும். கலிஃபோர்னியாவில் விற்கும் ப்யூரிஃபையர்கள் 0.050 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.05 பங்குக்கு) மேல் ஓசோன் விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன், இருந்தும் பொத்தானை அணைத்துவிட்டேன். பிடிக்கும் வேலையை வடிகட்டி செய்கிறது.

கரி அடுக்கிலும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். வாயுவையும் வாசனையையும் பிடிக்கக் கிலோ கணக்கில் கரி வேண்டும், இதில் இருப்பது கரித்தூள் தூவிய மெல்லிய விரிப்பு. ஊதுபத்தி சோதனையில் மீட்டர் பத்துக்கு வந்த பிறகும் அறையில் மணம் அப்படியே இருந்தது. புது பெயின்ட் நெடிக்கு ஜன்னலைத் திறப்பதுதான் வழி.

காற்றைச் சுத்தமாக்கும் செடிகள் வைக்கலாமே என்று உறவினர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 1989-ல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு கூண்டுக்குள் வாயுக்களை வைத்துச் செய்தது. 2019-ல் இத்தகைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்றார்கள். செடி அழகுக்கு இருக்கட்டும், பால்கனியில் இருக்கட்டும். ஈரத் தொட்டி மண்ணில் பூஞ்சை வளரும், அலர்ஜிக்காரர் படுக்கும் அறைக்குள் வேண்டாம்.

மின்சாரம் பெரிய விஷயம் இல்லை. மூன்றாம் வேகத்தில் 20 வாட்டுக்கு உள்ளேதான் இழுக்கிறது, ஓர் இரவுக்குக் கால் யூனிட்கூட ஆகாது. செலவு வடிகட்டியில்தான். வாங்குவதற்கு முன்பே மாற்று வடிகட்டியின் விலையையும் அது இங்கே கிடைக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். நான் விலை விசாரித்தவற்றில் ஒன்று மலிவாகத்தான் இருந்தது, அதன் வடிகட்டி மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

ஹாலுக்குச் செய்த பெட்டி

எங்கள் பூஜை அலமாரி ஹாலில். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாம்பிராணி போடாம இருக்க முடியுமாடி?" என்று அம்மா கேட்டுவிட்டார். புகையால் அவதிப்படுபவரும் அவர்தான், புகை இல்லாமல் வெள்ளிக்கிழமை நிறையாதவரும் அவர்தான். சாம்பிராணி தொடரட்டும், புகையை அந்த இடத்திலேயே இழுக்க ஏதாவது செய்வோம் என்று முடிவு செய்தேன்.

2020-ல் கோவிட் காலத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி என்ற பேராசிரியரும், வடிகட்டி நிறுவனம் நடத்தும் ஜிம் ரோசன்தாலும் சேர்ந்து ஒரு வடிவத்தைப் பரப்பினார்கள். நான்கு பக்கமும் வடிகட்டி, மேலே சதுர விசிறி, ஓரம் முழுவதும் டேப். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளே செய்தார்கள். அதற்கு வேண்டிய மெர்வ் 13 (மெர்வ் என்பது வடிகட்டும் திறனுக்கான அமெரிக்கத் தர எண்) வடிகட்டிப் பலகைகளும் சதுர விசிறியும் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. நான் எடுத்தது, ப்யூரிஃபையர்களுக்கு விற்கும் தட்டையான மாற்று வடிகட்டிகள் நான்கு, கூடவே சமையலறையில் மாட்டும் பத்து அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்.

தெருமுனைத் தச்சுப் பட்டறையில் ப்ளைவுட்டில் ஓர் அடிப்பலகையும் ஒரு மேல்பலகையும் வெட்டி வாங்கினேன். மேல்பலகையில் விசிறிக்கு வட்டம். நான்கு மூலையிலும் மரச்சட்டம் நட்டு, வடிகட்டி உட்காரும் ஓரம் முழுவதும் கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப் ஒட்டினேன். வடிகட்டியில் காற்றுப் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அது பெட்டிக்கு உள்ளே பார்க்க வேண்டும். விசிறி காற்றை மேல்நோக்கி வெளியே தள்ளுகிறது, அதனால் பெட்டிக்குள் அழுத்தம் குறைந்து, வடிகட்டிகள் உள்பக்கமாக இழுபட்டு ஃபோமில் அழுந்தி உட்கார்ந்துகொள்கின்றன. காற்றை உள்ளே தள்ளும்படி விசிறியைத் திருப்பி வைத்தால் இந்த வசதி கிடைக்காது. வடிகட்டி பிதுங்கிக்கொண்டு ஓரம் வழியாகக் காற்று தப்பும்.

முடிந்ததும் ஓரங்களில் ஊதுபத்தியைக் காட்டிப் பார்த்தேன். புகை வடிகட்டியின் மடிப்புக்குள் போகாமல் மூலை இடுக்கில் கோடாக நுழைந்தால் அங்கே ஓட்டை. இரண்டு மூலைகளில் அப்படி நுழைந்தது, அலுமினிய டேப் ஒட்டி அடைத்தேன். மேலே குழந்தை விரல் போகாத அளவுக்குக் கம்பி வலை. வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டு எர்த் இணைப்போடு செய்யச் சொன்னேன். எதிர்த்தடை இருப்பதால் மோட்டார் சூடாகலாம். முதல் வாரம் ஆள் இருக்கும்போது மட்டும் ஓட்டி, அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை.

படுக்கையறையில் வைத்துச் சோதித்தால் 11 நிமிடத்தில் பாதி, சுமார் 120 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் திறந்த வெளியில் தள்ளும் காற்றில் இது சிறு பங்கு. இந்த விசிறி இறக்கைகள் தடையை எதிர்த்துத் தள்ளுவதற்காக ஆனவை அல்ல. வாங்கிய இயந்திரத்தின் முழு வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு, சத்தம் அதைவிட அதிகம். ஆகவே படுக்கையறைக்கு இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான்கு வடிகட்டிகளின் விலையைக் கூட்டினால் பணமும் பெரிதாக மிச்சமில்லை. ஆனால் பூஜை அலமாரிக்கு இரண்டடி பக்கத்தில், புகை எழும் இடத்திலேயே நின்று ஒரு மணி நேரம் ஓட இது நன்றாகவே பயன்படுகிறது. சாம்பிராணித் தூபத்தை வீடு முழுக்கக் காட்டுவதை மட்டும் அம்மா விட்டுவிட்டார். தூபக்கால் இப்போது பெட்டியின் பக்கத்திலேயே இருக்கிறது.

கொசுவத்தியை அறவே நிறுத்தினோம். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. மூடிய அறையில் அதைக் கொளுத்திவிட்டு ப்யூரிஃபையரை ஓட்டுவதில் பொருளே இல்லை. எல்லா ஜன்னலுக்கும் வெல்க்ரோ வலை போட்டாயிற்று. அடுப்படியில் தாளிப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடும் பழக்கம் வந்திருக்கிறது. வறுவல் போடும்போது எங்கள் ஹால் மீட்டர் சாம்பிராணி நேரத்தைவிட அதிகம் காட்டும்.

போகிக்கு முந்தைய இரவுதான் பெரிய பரீட்சை. 2018 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாத அளவுக்குப் புகைமூட்டம் இருந்தது. விடியும் முன்பே தெருவில் கொளுத்த ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வருடம் இரவே ஜன்னல்களை மூடி, படுக்கையறை இயந்திரத்தை முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டோம். விடிகாலை ஐந்து மணிக்கு பால்கனியில் மீட்டர் 300-ஐத் தாண்டியிருந்தது, உள்ளே 40-க்குக் கீழே. நம் நாட்டு விதிமுறை ஒரு நாள் சராசரிக்கு 60 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 15 என்று குறைத்துச் சொன்னது. 40 என்பது நல்ல காற்று இல்லைதான். ஆனால் அம்மா அன்று காலை இன்ஹேலரை எடுக்கவில்லை.

மகளுக்குக் காலைத் தும்மல் முழுவதும் நிற்கவில்லை, நன்றாகக் குறைந்திருக்கிறது. உறை போட்ட பிறகு வந்த மாற்றம் இயந்திரத்துக்குப் பிறகு வந்ததைவிடப் பெரியது என்பது எங்கள் கணிப்பு. மூக்கில் அடிக்கும் மருந்தை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்துவதாக இல்லை.

வடிகட்டி மாற்றுவதற்கு விளக்கு எரியும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. பல இயந்திரங்களில் அந்த விளக்கு ஓடிய மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறது, அழுக்கை அளப்பதில்லை. முன்வடிகட்டியை மாதம் இருமுறை உறிஞ்சிச் சுத்தம் செய்கிறேன். ஹெப்பாவைக் கழுவுவதில்லை. மலிவு ஹெப்பாக்கள் பல, இழையில் ஏற்றிய மின்னூட்டத்தால்தான் துகளை இழுக்கின்றன. தண்ணீர் பட்டால் அது போய்விடும், புகை படியப் படியவும் குறையும். அதனால் சில மாதங்களுக்கு ஒரு தடவை அதே ஊதுபத்தி சோதனையை மூன்றாம் வேகத்தில் செய்து, நோட்டில் எழுதுகிறேன். புதிதில் 8 நிமிடம். போகி முடிந்த பிறகு 10. அது 13-ஐத் தொட்டால் மணிக்கு மூன்று தடவைக்குக் கீழே இறங்கிவிடும், அப்போது மாற்றிவிடுவேன். புது வடிகட்டியை இப்போதே வாங்கி, பாலித்தீன் உறை பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருக்கிறேன்.